பதினோரு மணிப் பொட்டலம்

முதியோர் இல்லங்களில் உணவுப் பொறுப்பை ஏற்க வந்திருக்கும் உங்களுக்கு, எத்தனை கிராம் புரதம், எத்தனை கலோரி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. என் காலத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது. பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வேலையில் பொறாமை வரும். கூட வேலை செய்பவர் மேல் வரும். நம்மைவிடக் குறைவாகப் படித்தவர் மேல், நமக்குக் கீழே இருப்பவர் மேல் இன்னும் அதிகமாக வரும். என் பணிக்காலத்தில் எனக்கு அது பலமுறை வந்திருக்கிறது. தினமும் டைரி எழுதுகிறவள் என்பதால் எந்த நாளில், யார் மேல், எதற்காக என்று என்னால் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியும். அவற்றில் ஒன்று ஒரு மனிதரை மூக்கில் குழாய் செருகும் நிலை வரை கொண்டுபோய் விட்டது. அதை மட்டும் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அன்னூர் சாலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். நாற்பத்திரண்டு பேர் தங்கியிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. எல்லோரும் என்னை ‘டயட் மேடம்’ என்பார்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, காபிக்கு முன்னால், ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றிக் குறித்துக்கொள்வேன். மூன்று வேளையும் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, யார் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். முழுவதும், பாதி, கால், தொடவில்லை என்று என் நோட்டில் நான்கு கட்டங்கள். ஒரு வேளைகூட அந்தக் கட்டங்கள் காலியாக இருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

பழனிச்சாமி அய்யா அங்கே வந்தபோது அவருக்கு எழுபத்தொரு வயது. பீளமேட்டுப் பக்கம் சொந்தமாக இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியும், பம்ப்செட் பட்டறையும் நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது கை முழுவதுமாக விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து, கைத்தடியோடு மெதுவாக நடப்பார். பேச்சு சற்றுக் குழறும், ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று அவர் வந்த அன்றே எங்கள் மேட்ரன் அம்மா பார்த்துவிட்டார், இல்லை. பற்கள் கீழே ஆறு, மேலே நான்கு. எடை ஐம்பத்தெட்டு கிலோ. இவ்வளவும் என் நோட்டின் முதல் வரியில் இருக்கிறது.

இரண்டாவது வரியிலிருந்து எல்லாமே ‘தொடவில்லை’.

தட்டில் சோறும் குழம்பும் வைத்தால் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை மரியாதைக்காக எழ மாட்டார். “போதுமுங்க அம்மணி, வயிறு நெறஞ்சு போச்சுங்க” என்பார், ஒரு பருக்கைகூடக் கலையாத தட்டைப் பார்த்துக்கொண்டே. இடது கையால் சாப்பிடுங்கள், பரவாயில்லை என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

“சோத்துல பீச்சாங்கையப் போடச் சொல்றீங்களா அம்மணி? நாலு பேரு பாக்க?”

ஸ்பூன் கொடுத்தேன். “கரண்டியப் புடிக்கறதும் அந்தக் கைதானுங்களே” என்று மேசையில் வைத்துவிட்டார். ஆயாவை விட்டு ஊட்டச் சொன்னேன். வாயைத் திறக்கவில்லை. “நா இன்னும் அந்த அளவுக்குப் போகலைங்க” என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். இந்த ஊர்க்காரர்கள் மறுக்கும்போதும் ‘ங்க’ போட்டு மறுப்பார்கள். அதற்கு மேல் நீங்கள் என்ன பேசுவீர்கள்?

நிலக்கடலையும் பயறும் பால் பவுடரும் சேர்த்துக் கஞ்சி வைத்தேன். டம்ளரை இடது கையால் எடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. என் மனம் நோகக் கூடாது என்று பாதி டம்ளர் குடிப்பார். அவர் உயிரோடு இருந்தது அந்தப் பாதி டம்ளரால்தான். ஏழு வாரத்தில் எடை ஐம்பது கிலோ நானூறு கிராமுக்கு வந்தது. மாலை பஸ் ஏறி நூலகத்துக்குப் போய், அவருக்காகவே குறிப்பெடுத்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. எங்கள் இல்லத்துக்கு வியாழன்தோறும் வரும் டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “ஐம்பதுக்குக் கீழே போனா மூக்கு வழியா ட்யூப் வெச்சிரலாம். மகன்கிட்ட போன்ல சொல்லிட்டேன், சரின்னுட்டார்” என்றார். நான் தலையை ஆட்டினேன். ட்யூப் வைத்தால் அதற்கான திரவ உணவுக் கணக்கும் எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை எடை மேடை ஐம்பது எழுநூறு காட்டியது.

மேடை பழுது என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து இரண்டு ஐந்து கிலோ படிக்கற்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். சரியாகப் பத்து. அந்த வாரமும் என் கட்டங்களில் அவர் பெயருக்கு நேராக ‘தொடவில்லை’ என்றுதான் இருந்தது. அதற்கடுத்த திங்கள் ஐம்பத்தொன்று நூறு. என் நோட்டின்படி இது நடக்கவே முடியாது. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எனக்குத் தெரியாமல் என் இல்லத்தில் ஒரு மனிதருக்கு எடை கூடுகிறது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரிந்தது. ஸ்டோருக்குப் பின்னால் மோட்டார் ரூம். போர்வெல்லுக்கு ஒரு கம்ப்ரசர் அங்கே ஓடும். அதன் வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, கம்ப்ரசர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பழனிச்சாமி அய்யா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணி காயப்போடும் கம்பி. பகல் நேர ஆயா சபியா ஈரப் போர்வைகளோடு வந்தாள். சபியாவுக்கும் என் வயதுதான் இருக்கும். கோட்டைமேட்டிலிருந்து காந்திபுரம் வந்து பஸ் மாறி வேலைக்கு வருவாள். எட்டாவது வரை படித்தவள். அவள் இடுப்பிலிருந்து ஒரு நியூஸ் பேப்பர் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, அவர் மடியில் வைத்தாள். உள்ளே வாழையிலைத் துண்டில் பிடி கொழுக்கட்டைகள். வைத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு போர்வையை உதறினாள்.

அவர் இடது கையால் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“கீழ விழுந்தா எடுத்துக் குடுக்க வரமாட்டேனுங்க. எனக்கு இன்னும் இருவது போர்வை கெடக்குது” என்றாள் சபியா, திரும்பாமலே.

“ஏன் சபியாம்மா, இன்னைக்கு என்ன இப்பிடி கோணலா இருக்குது? வார்ப்படம் சரியில்லையே.”

“கையில புடிச்சா கோணலாத்தானுங்க வரும். உங்க பவுண்டரியில ஊத்துன மாதிரி வருமா?”

“எங்க பவுண்டரியில இப்பிடி வந்தா ஸ்கிராப்புல போட்டுருவோம்.”

“அப்பச் சரி, குடுங்க. ஸ்கிராப்புல போட்டுடறேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒன்பது வாரங்களில் என்னிடம் அவர் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் அந்தப் பத்து நிமிடப் பேச்சு அளவுக்கு வராது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அன்றைய டைரியில் அவர் எத்தனை தின்றார் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே, ‘எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பொய். தெரியும். தெரிந்ததால்தான் அன்று மாலையே அவள் செய்ததில் என்னென்ன தவறு என்று தனித் தாளில் வரிசையாக எழுதினேன். சமையலறையில் பொறுப்பாளருக்குத் தெரியாமல் உணவு தயாரித்தது. சமையலறையில் கேட்டதில், காலையில் மிஞ்சிய அரிசி ரவை உப்புமாவில் வெந்த பருப்பும் தேங்காயும் பிசைந்து, இட்லிப் பானையில் அவித்திருக்கிறாள், அளவில்லை, கணக்கில்லை. அச்சு மை படிந்த காகிதம். கை கழுவும் வசதி இல்லாத இடம். எல்லாமே சரியான குற்றச்சாட்டுகள்.

கவனியுங்கள். கூட இருப்பவர் ஒன்றைச் சாதித்துக் காட்டிய உடனே உங்கள் மனம் விதிப் புத்தகத்தைத் தேடினால், அந்தத் தாளை அன்றே யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

மேட்ரன் அம்மா மேட்டுப்பாளையத்துக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். தாளை முழுதாகப் படித்தார்.

“அவள நிறுத்தச் சொல்றயா கண்ணு?”

“நிறுத்தச் சொல்லலைங்கம்மா. முறையா செய்யலாம்ங்கறேன். அதே கொழுக்கட்டைய நானே அளவு போட்டுச் சமையல்ல செய்ய வைக்கறேன். மத்தியானம் கூடத்துல, தட்டுல வைப்போம். நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்.”

“சபியா?”

“லேடீஸ் வார்டுல ஆள் பத்தலைங்கம்மா. அங்க போடலாம்.”

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா, எப்படிச் செஞ்சான்னு?”

“பாத்தனுங்க. எனக்குத் தெரியும்.”

மேட்ரன் அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார். “நீ சொல்றதெல்லாம் சரிதான் கண்ணு. ஒண்ணுகூடத் தப்பில்லாம இருக்குது பாரு, அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்குது” என்றார். ஆனால் தடுக்கவில்லை. உணவு என் பொறுப்பு; அதில் அவர் தலையிட்டதே கிடையாது.

மறுநாள் முதல் அவருக்குப் பிடி கொழுக்கட்டை பன்னிரண்டரை மணிக்கு, மூன்றாம் மேசையில், எவர்சில்வர் தட்டில் வந்தது. ஒவ்வொன்றும் நாற்பது கிராம். கடலைப்பருப்பு, கேரட் துருவல், வறுத்த நிலக்கடலைப் பொடி. சபியாவுடையதைவிட ஒவ்வொன்றிலும் இரண்டு மடங்கு புரதம். ஒன்றுகூடக் கோணலில்லை. நான் அவருக்கு எதிரே நோட்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க மொதலாளி, எங்களுக்கெல்லாம் ரசஞ்சோறு. உங்களுக்கு மட்டும் பொண்ணு பாக்கப் போன ஊட்டுப் பலகாரமா?”

மேசை முழுவதும் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். பழனிச்சாமி அய்யாவும் கூடவே சிரித்துவிட்டு, மடியிலிருந்த இடது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். அது மறுபடி வெளியே வரவில்லை.

“போதுமுங்க அம்மணி.”

புதன், வியாழன், வெள்ளி. காரத்தைக் குறைத்தேன். தேங்காயைக் கூட்டினேன். சனிக்கிழமை வெல்லம் போட்டு இனிப்பாகச் செய்ய வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரை மோட்டார் ரூமிலேயே போய்ப் பிடித்தேன். தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, “சாப்பிடுங்க அய்யா, இங்க யாருமில்லை” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கம்ப்ரசர் பெல்ட் தளர்ந்துவிட்டது, ஆளை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பெஞ்சில் வைத்தார். சபியா கொடுத்தால் தின்கிறவர் நான் கொடுத்தால் ஏன் தின்னவில்லை? அவளிடம் அப்படி என்ன இருக்கிறது? அன்று முழுவதும் என் மனதில் ஓடிய கேள்வி இதுதான். அவர் இளைத்துக்கொண்டிருந்தார், நான் அவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எடை நாற்பத்தொன்பது எண்ணூறு.

டாக்டருக்குப் போன் போனது. வியாழக்கிழமை ட்யூபோடு வருவதாகச் சொன்னார். செவ்வாய் மத்தியானம் மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“ட்யூப் வெச்சா அவரு அத ஒரு மணி நேரம் வெச்சிருக்க மாட்டாரு, புடுங்கிப் போட்டுருவாரு. அதனால அந்த எடது கையக் கட்டிலோட சேத்துக் கட்டணும். நல்லா இருக்கறது அந்த ஒரு கைதான். வியாழக்கெழமை கட்டறப்ப நீ வந்து அந்தக் கையப் புடிச்சுக்க கண்ணு. வேற யாரையும் நான் சொல்லப் போறதில்ல.”

குரல் உயரவே இல்லை. நான் வெளியே வந்தேன். அப்புறம் லேடீஸ் வார்டுக்குப் போனேன். என் வேலையில் நான் நடந்த தூரங்களிலேயே மிக நீளமானது அந்த முப்பதடிதான்.

சபியா தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

“சபியா, அவருக்கு நீ எப்படிக் கொடுத்தே?”

“நீங்கதான் பாத்தீங்களாமே மேடம். எல்லாம் தெரியும்னு சொன்னீங்களாமா.”

“தெரியலை. சொல்லு.”

“நோட்டுல இல்லீங்களா?”

எனக்கு அது வேண்டியதுதான். அவள் உறையை உதறிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“வியாழக்கெழமை ட்யூப் வெக்கறாங்களாமா?”

“ஆமா.”

“நா இருந்திருந்தா அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது. அதச் சொல்லிப்போட்டுத்தான் மத்ததச் சொல்லுவேன். நீங்க மேட்ரன்கிட்ட போய் என்ன வேணா சொல்லிக்கங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒரு நாளு வாட்ச்மேன் வறுகடலை வெச்சுத் தின்னுட்டு இருந்தாருங்க. மோட்டார் ரூம்ல. அய்யாவுக்கும் ஒரு கை அள்ளி மடியில போட்டாரு. இவரு கம்ப்ரசரப் பாத்துக்கிட்டே ஒண்ணொண்ணா எடுத்துத் தின்னாரு. எந்தக் கையில திங்கறோம்னு அவருக்கே நெனப்பில்ல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவருக்குச் சோறுன்னா சோறுங்க மேடம். அதுக்கு உக்காரோணும், தட்டு வேணும், சோத்தாங்கை வேணும். பட்டறையில நின்னுக்கிட்டு நாலு மணிக்குத் திங்கற போண்டாவுக்கு அதெல்லாம் யாரு பாக்கறாங்க? ஒரு கையில ஸ்பேனரு, ஒரு கையில போண்டா. நீங்க அதையே சோத்து நேரத்துல சோத்துத் தட்டுல கொண்டுபோய் வெச்சீங்க. பலகாரம் சோறாயிப் போச்சு.”

“ஞாயித்துக்கிழமை மோட்டார் ரூமிலேயே கொடுத்தேனே.”

“எங்க நின்னீங்க?”

“எதிர்ல.”

“நோட்டோட?”

நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

“பொரை ஏறினா? நீ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியே?”

“காது இருக்குதுங்களே. சத்தமா மெல்லுவாரு. மெல்லற சத்தம் நின்னா நா திரும்பிருவேன். அதுக்குத்தான் வாயக் கிண்டிக்கிட்டே இருக்கறது. பதில் வர்ற வரைக்கும் தொண்டை நல்லாருக்குன்னு அர்த்தம்.”

இதை நான் எந்த நூலகத்திலும் படித்ததில்லை. அந்தக் கிண்டலையெல்லாம் நான் கொஞ்சல் என்று நினைத்து வயிறெரிந்திருந்தேன். அது அவள் போட்டிருந்த காவல்.

“நாளைக்கு நீயே கொடுத்துடு” என்றேன்.

“நாளைக்கு எனக்கு ஆஃப். எங்க அத்தாவக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்கதான் போகணும். போர்வைய எடுத்துக்கங்க. சும்மா நிக்காதீங்க, சும்மா நின்னா பாக்கற மாதிரிதான் இருக்கும்.”

புதன்கிழமை பதினோரு மணிக்கு நான் போனேன். அதே உப்புமா, அதே பருப்பு, அளவில்லாமல் கையில் பிடித்தது. நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டேன். பொட்டலத்தை மடியில் வைத்து, “சபியா லீவுங்க அய்யா. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னா” என்றேன். திரும்பிக்கொண்டு வாளியிலிருந்து போர்வையை எடுத்தேன்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கம்ப்ரசர் மட்டும் ஓடியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து பதறியது. கண்ணால் பார்த்துக் கட்டத்தில் குறிப்பதுதான் அதுவரை என் வேலை. அன்று பார்க்காமல் இருப்பது வேலையாக இருந்தது. முதல் போர்வையைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதை முறுக்கிப் பிழியும்போது அவர் குரல் வந்தது.

“அம்மணி, அப்பிடிப் புழிஞ்சா போர்வை கிழிஞ்சு போயிருமுங்க.”

“எனக்குத் துணி துவைச்சுப் பழக்கமில்லைங்க.”

“தெரியுதுங்க.”

காகிதம் சரசரத்தது. மெல்லும் சத்தம். நான் நான்காவது போர்வையை எடுத்தேன்.

“சபியாம்மா புடிக்கறது இன்னுங் கொஞ்சம் கெட்டியா இருக்கும்” என்றார்.

வாயில் இருந்ததோடு சொன்னார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. குத்திய அதே நேரத்தில் அவருக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது என்பதும் மனதில் பதிந்தது. “அவகிட்டயே கேட்டுக் கத்துக்கறனுங்க” என்றேன்.

வியாழக்கிழமை பத்தரைக்கே டாக்டர் வந்துவிட்டார். ட்யூப் உறை பிரிக்காமல் மேசையில் இருந்தது. கை கட்டும் துணிப்பட்டையும் பக்கத்தில். மேட்ரன் அம்மா, நான், சபியா மூவரும் நின்றோம்.

“நேத்து சாப்பிட்டார்ங்கறீங்க. எவ்வளவு?”

“சரியாத் தெரியாது சார்.”

டாக்டர் நிமிர்ந்தார். அந்த வார்த்தையை என்னிடமிருந்து அவர் அதற்கு முன் கேட்டதில்லை. “ரெக்கார்டு?”

“பதினோரு மணிக்குன்னு ஒரு கட்டமே என் நோட்டுல இல்லை சார். பாத்தா அவர் சாப்பிட மாட்டார். அதனால நான் பாக்கலை.”

“அப்ப போன வாரம் ஏன் இவ்வளவு எறங்குச்சு?”

கொழுக்கட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். நோயின் போக்கு என்று சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். அப்படிச் சொன்னால் ட்யூப் அவர் மூக்கில் ஏறும்; ஆனால் என் பெயர் கெடாது. இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் ஓடியதை நான் மறைக்க விரும்பவில்லை.

“என்னால சார். அதுக்கு முந்தின ரெண்டு வாரம் எடை ஏத்தினது சபியா. எனக்கு அது பொறுக்கலை. அவளை மாத்திட்டு, சாப்பாட்டையும் நேரத்தையும் இடத்தையும் மாத்தினேன். அவர் நிறுத்திட்டார். திங்கட்கிழமை வரைக்கும் கொடுங்க. சபியா சொல்றபடி நடக்கட்டும். எடை ஏறலைன்னா நானே அவர் கையைப் புடிச்சுக்கறேன்.”

மேட்ரன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சபியா தரையைப் பார்த்தாள். டாக்டர் ஃபைலை மூடினார்.

“திங்கட்கிழமை எனக்குப் போன் பண்ணுங்க. ட்யூப் இங்கயே இருக்கட்டும்.”

மணி பத்தே முக்கால். சபியா சமையலறைப் பக்கம் போனாள்.

அந்த நான்கு நாளும் பதினோரு மணிக்கு ஒரு பொட்டலம், நான்கு மணிக்கு ஒரு பொட்டலம். சபியா சொல்லச் சொல்ல நான் மாவில் பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், பிடிப்பது அவள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவர் மேடையில் ஏறினார். ஐம்பது முந்நூறு. “எத்தனைங்க அம்மணி?” என்றார். சொன்னேன். “இரும்பா இருந்தா இந்நேரம் ஒரு பம்பு வார்த்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டாக்டருக்குப் போன் செய்தேன். ட்யூப் ஸ்டோருக்குத் திரும்பிப் போனது.

பிறகு மற்றவர்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தோம். கை நடுங்கிச் சோறு சிந்துகிறதே என்று வெட்கப்பட்டுப் பாதியில் எழுந்துவிடும் ஒரு அம்மாவுக்குக் குழிப்பணியாரம். ஓரிடத்தில் உட்காராமல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருக்கும், தன் பெயரே மறந்துபோன இன்னொருவருக்கு வழியில் இருக்கும் ஜன்னல் திண்டுகளில் மெத்தென்று பிசைந்த பயற்றம் உருண்டை. காகிதத்துக்குப் பதிலாக முழு வாழையிலை. எங்கே கை கழுவ வைப்பது, யார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது என்பதெல்லாம் முறைப்படுத்தினோம். என் பழைய விதிகளில் பாதி அங்கே உதவின என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதிகள் கெட்டவை இல்லை. நான் அவற்றை எடுத்த நேரம் கெட்டது.

பொறாமை இதோடு போய்விட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். பழனிச்சாமி அய்யா அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். ஐம்பதுக்குக் கீழே எடை இறங்கவே இல்லை. குழாய் இல்லாமலே இருந்தார். கடைசி வாரம் வரை தன் கையால்தான் தின்றார். பொட்டலத்தில் எப்போதும் ஐந்து இருக்கும். சபியா வைத்த நாளில் இலை காலியாகத் திரும்பும். அவள் லீவில் நான் வைத்த நாளில் ஒன்று மிஞ்சும். ஒரே மாவு. பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். நிறுத்துப் பார்த்தேன், எடையும் ஒன்று. கோணல்கூட அவளுடையதைப் போலவே வரும்படி பிடித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அந்த ஐந்தாவதை அவர் என்னிடமிருந்து தின்றதில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டைரியில் மட்டும் ‘நான்கு’ என்று எழுதிவிட்டு, மிஞ்சியதை அலுவலக அறைக்குப் போகும் வழியில் நானே தின்றுவிடுவேன். நன்றாகத்தான் இருக்கும்.